ஐந்நூற்று அறுபது

டிம்பர் ஃபோர்க், இடாஹோ
ஜூலை 9, 2019

அன்புள்ள ரஸ்ஸல்,

நான் நலம். படியிறங்கும்போது முழங்கால் மட்டும் முனகுகிறது. நீயும் நோரீனும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

போன் எடுப்பதில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. மணி அடித்தாலே போன நவம்பரில் ஷெரீஃப் பேசிய குரல்தான் காதில் கேட்கிறது. சென்ற வாரம் கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன். இனி எழுது. நம் அம்மா உனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது வீணாகப் போக வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். எல்க் மான் வேட்டை அனுமதிக் குலுக்கலில் என் பெயர் விழுந்திருக்கிறது. அதே மலை. என் ஹாலிஸ் ஒன்பது வருடம் அந்த மலைக்கு மனுப் போட்டு ஒரு தடவைகூட விழவில்லை. போன வருடம் நம் கடைக்குட்டி டுவேனுக்கு விழுந்தது, அவனுக்குத் துணையாகத்தான் நீயும் ஹாலிஸும் போனீர்கள். இப்போது எனக்கு. நான் போகத்தான் போகிறேன், தடுக்க நினைத்து மையை வீணாக்காதே.

இருநூறு கெஜத்துக்குள் உன்னைவிட நான் நன்றாகச் சுடுவேன். ஆனால் அங்கே பள்ளத்தாக்கின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத்தான் சுட வேண்டும். கண்மதிப்பில் காரியம் நடக்காது. நீ இருபது வருடமாகக் கடையில் நின்று லேசர் தூரமானி விற்கிறாய். எனக்கு எது சரிப்படும் என்று சொல். நீ ஹாலிஸுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொண்டுவந்தாயே, அது ஷெரீஃப் திருப்பிக் கொடுத்த பையிலேயே இருக்கிறது. அதைத் தொட எனக்கு இன்னும் கை வரவில்லை.

டுவேனைப் பற்றிக் கேட்டிருந்தாய். இரண்டு மைல் தள்ளி அவன் டிரெய்லர் வீட்டில் இருக்கிறான், அவ்வளவுதான் தெரியும். என் வீட்டுப் படி ஏறாதே என்று அடக்கத்தன்று சொன்னேன், அது இன்றைக்கும் அப்படியேதான். காலை ஏழு மணிக்குக் காபியில் விஸ்கி ஊற்றிக் குடித்தவன் சுட்டான். நெஞ்சில் பட வேண்டியது பத்து அங்குலம் கீழே போய் மானின் காலை உடைத்தது. அடிபட்ட மானை விட்டுவிட்டு வரக் கூடாது என்று என் புருஷன் ரத்தத்தைத் தொடர்ந்து பனிச்சரிவில் இறங்கினார். மூன்றாம் நாள் பள்ளத்தில் கிடைத்தார்.

ஒன்று கேட்க வேண்டும் என்று எட்டு மாதமாக நினைக்கிறேன். நீ அவன் பக்கத்தில்தானே படுத்திருந்தாய். அவன் கை நடுங்கியதா?

நோரீனுக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
டார்லா


ஸ்போகேன்
ஜூலை 16, 2019

அன்புள்ள அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் நோரீன் அழுதுவிட்டாள். நாங்கள் இருவரும் நலம். எனக்கு வயிற்றுப்புண் கொஞ்சம் படுத்துகிறது. முழங்காலுக்கு அந்தக் குதிரைத் தைலத்தைத் தேய்க்காதே, மனிதர்களுக்கென்று தனியாக விற்கிறார்கள்.

தூரமானி பற்றி. பெட்டியின் மேல் இரண்டாயிரம் கெஜம் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அது வெயிலில் மின்னுகிற சாலைப் பலகையை வைத்து அளந்தது. மரமென்றால் அதில் பாதி. மானின் தோல் ஒளியைக் குடித்துவிடும், அதனால் இன்னும் குறைவு. உனக்கு அறுநூறு போதும் என்றால் ஆயிரத்து ஐந்நூறுக்குக் குறைந்து வாங்காதே.

இரண்டாவது, ஒளிக்கற்றை ஒல்லியாக இருக்க வேண்டும். அகலமாக இருந்தால் மானுக்கு முன்னால் ஆடுகிற புல்லையோ பின்னால் இருக்கிற பாறையையோ அளந்துவிட்டு அதைத்தான் மான் என்று சொல்லும். மூன்றாவது, மேலிருந்து கீழே சுடும்போது சரிவைக் கழித்துச் சொல்ல வேண்டும். உள்ளே தெரிகிற எண் சிவப்பாக இருக்கட்டும், கருப்பு எண் விடியற்காலை இருட்டில் தெரியாது. பொத்தானைக் கையுறையோடு அழுத்திப் பார். வாங்க வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைச் செய்வதில்லை, பிறகு பனியில் நின்று என்னைத் திட்டுகிறார்கள்.

நீ வாங்க வேண்டாம். நானே ஒன்று பார்த்து அனுப்புகிறேன். பழையதை எனக்கு அனுப்பிவிடு. அது உன் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பது நல்லதல்ல. தபால் செலவைக் கடை கொடுக்கும்.

கை நடுங்கியதா என்று கேட்டாய். நான் தூரமானியில் கண்ணை வைத்திருந்தேன். தூரத்தைச் சொன்னேன், அவன் துப்பாக்கி ஸ்கோப்பின் தூரத் திருகைத் திருப்பிச் சுட்டான். கையைப் பார்க்கவில்லை அக்கா.

நன்றாகச் சாப்பிடு. தனியாக இருக்கிறோம் என்று டப்பா சூப்பிலேயே காலம் தள்ளாதே.

அன்புடன்,
ரஸ்ஸல்


டிம்பர் ஃபோர்க்
ஜூலை 28, 2019

அன்புள்ள ரஸ்ஸல்,

நலம். நேற்று சூப்தான். உன் வயிற்றுப்புண்ணுக்கு முதலில் காபியை நிறுத்து, பிறகு எனக்குப் புத்தி சொல்.

நீ எழுதியதைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவைத்துப் படித்தேன். சிவப்பு எண், ஒல்லிக் கற்றை, சரிவுக் கணக்கு, பெரிய பொத்தான். எடை குறைவாகவும் இருக்கட்டும், என் கழுத்து பழைய கழுத்தல்ல.

தெற்குப் புல்வெளியில் ஹாலிஸ் நட்ட இரும்புத் தட்டுகளில் தினமும் பத்துத் தோட்டா சுடுகிறேன். தோள் நீலமாகிவிட்டது. அவர் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டிய அட்டை இன்னும் இருக்கிறது, எத்தனை கெஜத்துக்கு ஸ்கோப் திருகை எத்தனை க்ளிக் திருப்ப வேண்டும் என்று அவர் கையாலேயே எழுதியது. ஐந்நூறுக்கு எதிரே ஒரு காபிக் கறை. சுட்டதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மறுபடியும் நல்லா அளந்தியா, இல்ல குத்துமதிப்பா?" என்று கேட்பது போலவே இருக்கிறது.

பழையதை அனுப்பமாட்டேன். அது மூன்று நாள் அவர் கழுத்தில் கிடந்தது. அதைக் கடை மேசையில் வைத்து யாருக்கோ தள்ளுபடியில் விற்க எனக்குச் சம்மதமில்லை. உனக்கு எதற்கு அது?

செவ்வாய்க்கிழமை ஊருக்குப் போய்த் திரும்பினால் கொட்டகையில் ஒரு வண்டி விறகு அடுக்கியிருக்கிறது. பட்டை எல்லாம் ஒரே பக்கம் பார்க்க. அப்படி அடுக்குகிறவன் இந்தப் பள்ளத்தாக்கில் ஒருத்தன்தான். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, விறகு அடுக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அவன் அடுக்கினதை எரிக்க மனமில்லாமல் இன்னும் அப்படியே விட்டிருக்கிறேன்.

நோரீனைக் கேட்டதாகச் சொல்.

டார்லா


ஸ்போகேன்
ஆகஸ்ட் 3, 2019

அன்புள்ள அக்கா,

காபியைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன், நோரீன் சாட்சி. உன் தோளுக்கு ஒரு பஞ்சுப் பட்டை இதே பெட்டியில் இருக்கிறது, போட்டுக்கொண்டு சுடு.

தூரமானியும் இருக்கிறது. கடையில் உள்ள ஒன்பதையும் மூன்று சாயங்காலம் வாகன நிறுத்தத்தில் நின்று சோதித்தேன். எதிர்க் குன்றில் மேய்கிற ஒரு பழுப்பு மாட்டை ஐம்பது தடவை அளந்திருப்பேன், அது பயந்து வேறு மேய்ச்சலுக்குப் போய்விட்டது. நான்கு தூரமானிகள் ஒவ்வொரு தடவைக்கும் ஒவ்வொரு எண் சொல்லின. மூன்று, மாடு இருப்பதையே ஒப்புக்கொள்ளவில்லை. மிச்சம் இரண்டில் இதுதான் பொத்தான் பெரியது. விலையைக் கேட்காதே.

பேட்டரியை உள்சட்டைப் பையில் வைத்துக்கொள், குளிரில் செத்துவிடும். ஒரே எண் மூன்று தடவை வந்தால்தான் நம்பு. இரண்டு முழங்கையையும் பாறையில் ஊன்றிக்கொள்.

பழையதை வைத்துக்கொள்வதானால் பெட்டியில் போட்டு மூடிவை. அதை எடுத்துக்கொண்டு மட்டும் மலைக்குப் போகாதே.

உன் தம்பி,
ரஸ்ஸல்

பி.கு. பெட்டியை ஒட்டிவிட்டேன், மறுபடியும் கிழித்து இதை எழுதுகிறேன். பேட்டரி போட்டதும் முதல் வேலையாக அது கெஜத்தில் இருக்கிறதா, மீட்டரில் இருக்கிறதா என்று பார். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கனடாக்காரர்கள் வருவதால் அவர்களுக்குக் காட்ட இங்கே மீட்டருக்கு மாற்றிவைக்கிறோம். பேட்டரியைக் கழற்றினாலும் அது மாறாது. மூலையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு குறி இருக்கும், அவ்வளவுதான், வெறும் எண்ணைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. நானே கெஜத்துக்கு மாற்றித்தான் அனுப்புகிறேன். இருந்தாலும் பார். ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன் என்று எனக்குச் சத்தியம் செய்.


டிம்பர் ஃபோர்க்
ஆகஸ்ட் 19, 2019

அன்புள்ள ரஸ்ஸல்,

நலம். பஞ்சுப் பட்டை நன்றாக உதவுகிறது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வைக்கோல் அறுப்பு இருந்தது என்று சொல்லலாம், இருந்ததும் உண்மைதான்.

தூரமானி நன்றாக இருக்கிறது. கெஜத்தில்தான் இருக்கிறது. சத்தியம்.

தெற்கு வேலிக் கதவு உனக்கு நினைவிருக்கும். எங்கள் கல்யாணமான வருடம் நானும் ஹாலிஸும் சங்கிலி பிடித்து அளந்து நட்டது. கொட்டகைச் சுவரிலிருந்து சரியாக நானூறு கெஜம். புதியது நானூறு என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு பையைத் திறந்து பழையதை எடுத்தேன். கைநடுக்கம் எனக்கும்தான் வருகிறது ரஸ்ஸல், விஸ்கி இல்லாமலே. பேட்டரி போட்டு அதே சுவரில் சாய்ந்து அதே கதவைப் பார்த்தேன். முந்நூற்று அறுபத்தாறு என்கிறது. பத்துத் தடவை பார்த்தேன். பத்துத் தடவையும் அதே எண்.

இது ஏன் இப்படிச் சொல்கிறது? உனக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்கிறேன்.

டுவேன் மறுபடியும் விறகு கொண்டுவந்தான். நான் சமையலறை ஜன்னலில் நின்றேன். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

உன் வயிறு எப்படி இருக்கிறது? நோரீன் நலமா?

டார்லா


ஸ்போகேன்
ஆகஸ்ட் 24, 2019

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லாரும் நலம்.

பழைய தூரமானி கெட்டுவிட்டது, வேறொன்றுமில்லை. மூன்று நாள் பனியில் கிடந்தது அல்லவா? உள்ளே ஈரம் போய்க் கண்ணாடியில் பூத்திருக்கும். அப்படி ஆனால் குறைத்துக் காட்டும், கடைக்கு எத்தனையோ வருகிறது. ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் காட்டுவதும் அதனால்தான். அதைச் சரிசெய்ய முடியாது. எனக்கு அனுப்பு, இல்லையென்றால் ஏரியில் எறிந்துவிடு. அதை வைத்துக்கொண்டு மனதைக் குழப்பிக்கொள்ளாதே.

நோரீன் பீச் பழம் டப்பாவில் போட்டிருக்கிறாள், அடுத்த வாரம் அனுப்புகிறாள்.

ரஸ்ஸல்


டிம்பர் ஃபோர்க்
செப்டம்பர் 10, 2019

அன்புள்ள ரஸ்ஸல்,

பீச் டப்பாக்கள் வந்தன, ஒன்றுகூட உடையவில்லை. நோரீனுக்கு நன்றி சொல். நான் நலம். காலையில் வாளித் தண்ணீரில் ஆடை போலப் பனி கட்ட ஆரம்பித்துவிட்டது.

வியாழக்கிழமை ஷெரீஃப் அலுவலகத்துக்குப் போய் அன்றைய வாக்குமூலங்களைப் படிக்கக் கேட்டேன். அந்த மனிதர் நல்லவர், நாற்காலி போட்டுக் காபி கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். உன்னுடையது ஒரு பக்கம் முழுக்க. "ஐந்நூற்று அறுபது கெஜம் என்று நான் சொன்னேன்" என்று இருக்கிறது. டுவேன் சொன்னது நான்கே வரி. பேசினது பேசினபடி எழுதியிருக்கிறார்கள். "என் கைதான் நடுங்கியிருக்கும். வேற காரணம் இல்ல. ரஸ்ஸல் சொன்ன நம்பர் சரியாத்தான் இருக்கும், அவன் சொன்னா நாங்க திருப்பிக் கேக்க மாட்டோம்."

அதுதானே நம் வீட்டு வழக்கம். தூரம் பார்க்கிறவன் சொன்னால் சுடுகிறவன் மறுபேச்சுப் பேசக் கூடாது. அப்பா வைத்துவிட்டுப் போனது.

அன்றே தபால் நிலையத்தில் டுவேனைப் பார்த்தேன். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருக்கிறான். பிப்ரவரியிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் குடிப்பதில்லையாம், துப்பாக்கியை விற்றுவிட்டானாம், தபால்காரம்மா சொன்னாள். எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "முழங்கால் எப்படிக்கா இருக்கு?" என்றான். நான் நேரே வண்டிக்குப் போய்விட்டேன்.

அவன் அந்த நான்கு வரியை நம்புகிறான் ரஸ்ஸல். இன்னொருத்தர் வந்து இல்லை என்று சொன்னால் ஒழிய அவன் சாகிறவரை அதை நம்புவான்.

உனக்கு ஏதாவது எழுதத் தோன்றினால் எழுது. நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. எனக்கு இங்கே நேரம் இருக்கிறது.

உன் அக்கா,
டார்லா


ஸ்போகேன்
அக்டோபர் 1, 2019

அன்புள்ள அக்கா,

மூன்று வாரமாகிவிட்டது, மன்னித்துவிடு. வேட்டைக்காலம் நெருங்குவதால் கடையில் மூச்சுவிட நேரமில்லை. வயிற்றுப்புண் மோசமாகி இரண்டு நாள் படுத்திருந்தேன். இப்போது பரவாயில்லை. தூக்கம்தான் வருவதில்லை.

டுவேன் குடியை விட்டது நல்ல செய்தி. அவனுக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவன் பேசினதைப் படித்ததைப் பற்றி நீ எழுதியிருந்தாய். போனதைத் திரும்பத் திரும்பக் கிளறி யாருக்கு என்ன கிடைக்கப் போகிறது?

அந்த மலைக்குத் தனியாகப் போகாதே. வேண்டுமானால் அடுத்த வருடம் நானும் வருகிறேன்.

நோரீன் உன்னை விசாரித்தாள்.

ரஸ்ஸல்


டிம்பர் ஃபோர்க்
அக்டோபர் 7, 2019

ரஸ்ஸல்,

நான் நலம். நீ தூங்காததற்கு நான் வருத்தப்படுகிறேன், உண்மையாகத்தான்.

பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை ஏறுகிறேன். நீங்கள் படுத்திருந்த பாறை எது என்று ஷெரீஃபின் வரைபடத்தில் பார்த்து வைத்திருக்கிறேன். மான் நின்ற இடத்தில் ஒரு காய்ந்த பைன் மரம் இருந்ததாக எழுதியிருக்கிறார்கள். ஒரு வருடத்தில் மரம் எங்கும் போயிருக்காது. இரண்டு தூரமானிகளையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

பதினெட்டாம் தேதி தபால் நிலையம் மூடுகிறவரை கடிதம் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

டார்லா


ஸ்போகேன்
நவம்பர் 3, 2019

அக்கா,

உன் கடிதம் பதினோராம் தேதியே வந்துவிட்டது. பதினெட்டுக்குள் பதில் சேர்த்திருக்க முடியும். ஏழு நாள் அதைக் கடைச் சீருடையின் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நேற்றோடு ஒரு வருடம். இன்று நோரீன் எதிரே உட்கார்ந்து, எழுதி முடிக்கிறவரை எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். அவளிடம் நேற்றுத்தான் சொன்னேன்.

அந்தத் தூரமானி கெடவில்லை. அது மீட்டரில் இருந்தது. பரிசு கொடுக்க வேண்டுமே என்று கடைசி நேரத்தில் காட்சி மேசையிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்தேன். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை ஒரு கனடாக்காரருக்காக மீட்டருக்கு மாற்றியது நானேதான். மாற்றியதை மறந்துவிட்டேன். இருபது வருடமாக வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அதைப் பார், இதைப் பார் என்று சொல்லிக்கொண்டிருக்கிற நான் பார்க்கவில்லை.

அன்று காலை ஹாலிஸின் கையிலிருந்து வாங்கி நான்தான் பார்த்தேன். ஐந்நூற்று அறுபது என்று வந்தது. அது மீட்டர். நான் கெஜம் என்று சொன்னேன். டுவேன் கேட்கவில்லை, நம் வழக்கப்படி திருகைத் திருப்பினான், சுட்டான். அவன் கை நடுங்கவில்லை அக்கா. கல் மாதிரி இருந்தது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று உனக்கு எழுதியது பொய்.

ஹாலிஸ் இறங்கும்போது, "பரிசை எங்கிட்டயே குடு, எங்க நிக்குதுன்னு பாக்க ஆகும்" என்று கேட்டார். நான்தான் கழுத்தில் மாட்டிவிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் வண்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் சுற்றிப் போனோம். பனி பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அது கழுத்தில் கிடப்பதைப் பார்த்தேன். அப்போதுதான் அந்தக் கனடாக்காரர் நினைவுக்கு வந்தார். அதற்குள் டுவேன் ஷெரீஃபிடம் தன் கை என்று சொல்லிவிட்டிருந்தான். அடக்கம் முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு கிறிஸ்துமஸ் போகட்டும் என்று நினைத்தேன். நீ அவனைப் படியேற வேண்டாம் என்று சொன்னபோது நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு சொன்னால் அந்த நிமிடத்துக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டுமே என்று பயந்தேன்.

பழையதை அனுப்பு அனுப்பு என்று கேட்டது அதைக் கெஜத்துக்கு மாற்றிவிடத்தான்.

மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு முகம் இல்லை. டுவேனிடம் நீயே சொல்லிவிடு. அவன் முன்னால் வந்து நிற்கும் தைரியம் எனக்கு இல்லை.

ரஸ்ஸல்


டிம்பர் ஃபோர்க்
நவம்பர் 12, 2019

ரஸ்ஸல்,

எனக்கு ஆகஸ்டிலேயே தெரியும்.

புதியதை அனுப்பியபோது கெஜமா மீட்டரா பார், சத்தியம் செய் என்று பெட்டியைக் கிழித்து எழுதினாயே, அதைப் படித்த அன்று சாயங்காலமே பழையதை எடுத்துப் பார்த்தேன். மூலையில் அந்தக் குறி இருந்தது. எனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான் அதை எழுதினாய், அது எனக்குத் தெரியும். அதனால்தான் உன்னை முழுவதும் வெறுக்கவும் முடியவில்லை.

வேலிக் கதவைப் பற்றி உன்னிடம் கேட்டபோது எனக்குப் பதில் தெரியும். உன் வாயால் வர வேண்டும் என்று கேட்டேன். ஈரம் என்றாய். ஷெரீஃப் அலுவலகத்துக்குப் போய் வந்ததை எழுதினேன். கிளறாதே என்றாய். பாறைக்குப் போகிறேன் என்று எழுதினேன். பதினெட்டாம் தேதி தபால்காரம்மா எனக்காக ஐந்து நிமிடம் தாமதித்துத் தபால் நிலையத்தை மூடினாள்.

பாறையில் படுத்துக் காய்ந்த பைன் மரத்தை அளந்தேன். உன் புதியது அறுநூற்றுப் பன்னிரண்டு என்றது. பழையது ஐந்நூற்று அறுபது. ஐம்பத்திரண்டு கெஜம். ஹாலிஸின் அட்டையில் பார்த்தேன், அந்த இரண்டுக்கும் நடுவே ஆறு க்ளிக். சாயங்காலம் ஒரு பெரிய ஆண் எல்க் வந்து அந்த மரத்தடியிலேயே நின்றது. சுடவில்லை. சுட்டு அடிபட்டால் தொடர்ந்து போக எனக்கு முழங்கால் இல்லை. மனமும் இல்லை.

இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் டுவேனிடம் போனேன். டிரெய்லர் பூட்டிக் கிடந்தது. எரிவாயுவை அடைத்து, தண்ணீர்க் குழாயை வடித்து, நாயைப் பக்கத்துக்காரரிடம் விட்டுவிட்டுப் பதினாறாம் தேதியே போய்விட்டானாம். டகோட்டா பக்கம் எண்ணெய்க் கிணற்று வேலை என்று சொன்னானாம். விலாசம் இல்லை. அவன் பழைய போன் எண் செத்துவிட்டது. கொட்டகையில் விறகுக்கு நடுவே ஒரு சீட்டுச் செருகியிருந்தது, வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

உன்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. ஆகஸ்டிலிருந்து பத்து வாரம் எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டு மைல் நடந்திருந்தால் முடிந்திருக்கும். நான் சொன்னால் நம்பமாட்டான், ரஸ்ஸல் அப்படிச் செய்வானா என்று கேட்பான், உன் கையெழுத்தோடு போனால்தான் நம்புவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி என் பிடிவாதம். நீயே சொல்ல வேண்டும் என்று உன்னைச் சோதித்துக்கொண்டிருந்தேன், அவன் என் ஜன்னலுக்குக் கீழே விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். ஒரு காபி கொடுத்திருக்கலாம்.

உன் கடிதத்தை இந்த உறையிலேயே திருப்பி வைத்திருக்கிறேன். அது எனக்கு வர வேண்டியதல்ல. எடுத்துக்கொண்டு போய் அவனைத் தேடு. பச்சை வண்டி, இடது விளக்கு உடைந்தது. கண்டுபிடித்து அவன் கையில் கொடுத்து, அவன் படித்து முடிக்கிறவரை எதிரே நில். அதுவரை என் உடம்பை விசாரித்து எழுதாதே, உன் உடம்பை நானும் விசாரிக்கப் போவதில்லை.

அவன் சீட்டையும் உனக்காகப் பார்த்து எழுதியிருக்கிறேன். மூலம் என்னிடம் இருக்கட்டும்.

டார்லா

"அக்கா, வெறகு மார்ச் வரைக்கும் வரும். பொகைபோக்கியைச் சுத்தம் பண்ணிட்டேன், நீ சந்தைக்குப் போன அன்னைக்கு. நீ அந்த மலைக்குப் போறேன்னு கேள்விப்பட்டேன். தனியாப் போகாத. ரஸ்ஸல வரச் சொல்லு. தூரம் அவன் பாத்துச் சொன்னா தப்பாது. – டுவேன்"